என் பக்கம்தான் முதலில் பழுத்தது

எங்கள் பக்கத்தில் ஆலங்கட்டி மழை அபூர்வம். அது கொட்டிய அன்று நான் பாவாடையை ஏந்திப் பிடித்து, கிடைத்த கட்டியையெல்லாம் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு பம்ப் ரூம் வாசலில் குந்தியிருந்தார். எனக்கு எட்டு வயது. இவருக்கு ஒரு ஐஸ் தின்னக்கூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நாகமலைக்கு இந்தப் பக்கம் ஆபீசர்கள் கிளப் ஒன்று இருந்தது. அதன் கோல்ப் மைதானத்தில் அப்பா தோட்டக்காரர். கோல்ப் என்றதும் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை என்று நினைத்துவிட வேண்டாம், மதுரை வெயிலில் அது நடக்கிற காரியமா? கருவேல முள்ளும் செம்மண்ணுமாகக் கிடந்த பொட்டலில், பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி மட்டும் வட்டமாகப் புல் இருக்கும். அப்படி ஒன்பது வட்டம். தண்ணீர் பாய்ச்சி, ஒட்ட வெட்டி, அந்த ஒன்பதையும் அப்பா பிள்ளைபோல வளர்த்தார். எனக்கு ஒரு நாளும் தலை வாரிவிட்டதில்லை, அது வேறு விஷயம்.

அவருக்குத் தினக்கூலிதான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஆடும் போட்டி இருந்தது. அது நல்லபடியாக முடிந்தால் வேலையை நிரந்தரம் ஆக்குவதாகக் கிளப் செக்ரட்டரி வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரமானால் பம்ப் ரூமை ஒட்டி நாங்கள் குடியிருந்த அறையும் எங்களுக்கு நிலைக்கும். அந்த அறைக்குள் அம்மா பச்சை உடம்போடு படுத்திருந்தாள். தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மழை விட்டதும் போய்ப் பார்த்தால், ஒன்பது வட்டமும் அம்மை போட்ட முகமாகக் கிடந்தது. விரல் நுழைகிற அளவு குழிகள், எண்ணி மாளாது. அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாள் விடிந்ததும் கிளப் சமையல்கட்டில் கழித்துப்போட்ட முள்கரண்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கூலிக்குக் கிடைத்த ஆட்கள் இரண்டே பேர். பள்ளிக்கூடம் லீவு என்பதால் மூன்றாவது ஆளாக என்னைக் கூட்டிப்போனார்.

"இங்க பாரு தாயி," என்று மண்டி போட்டு உட்கார்ந்து செய்து காட்டினார். "குழிக்குள்ள குத்தி மேல நெம்பக் கூடாது, வேர் அத்துப்போகும். சுத்தி இருக்க புல்லை நாலு பக்கமும் குத்தி நடுவுக்குத் தள்ளணும். அப்புறம் உள்ளங்கைய வச்சு அமுத்து. மெல்லத்தான் வரும், அவசரப்படாத."

கிளப் வாசலுக்கு நேர் எதிரே இருந்த வட்டத்தில் இடது பாதி அவருக்கு, வலது பாதி எனக்கு. தன் பாதியை முடித்துவிட்டு அவர் மற்ற வட்டங்களைப் பார்க்க ஓடினார். நான் பத்துக் குழி வரை அவர் சொன்னபடிதான் தள்ளினேன். முழங்கால் எரிந்தது, முதுகு வெயிலில் காந்தியது. அப்போதுதான் கண்டுபிடித்தேன்: குழிக்குள் கரண்டியை விட்டு ஒரே நெம்பு நெம்பினால் புல் தானாக மேலே வந்து மட்டமாகிவிடுகிறது. அவர் ஒன்று தள்ளுகிற நேரத்தில் நான் பத்து நெம்பிவிடலாம். பெரியவர்களுக்கு எதையும் சுற்றி வளைத்துச் செய்தால்தான் திருப்தி என்று அப்போதே எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

பொழுது சாய வந்த அப்பா, என் பாதியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மட்டமாக இருந்தது. "அம்புட்டையும் முடிச்சிட்டியா?" என்றார். கண் இரண்டும் சிவந்து, நிற்க முடியாமல் நின்றார். என் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் என் பாதி முழுக்க மஞ்சள் புள்ளி. அப்பாவின் பாதி இன்னும் பச்சையாகவே கிடந்தது. நான் பார்த்த பயிரெல்லாம் நெல்தான். நெல் மஞ்சளானால் ஊரே சிரிக்கும், அரிவாள் தீட்டும். அப்பாவுடையது காயாகவே நிற்க, என்னுடையது பழுத்துவிட்டது என்றே நம்பினேன். அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் பார்த்தார். குனிந்து ஒரு புல்லைப் பிடித்தார், அது வேரில்லாமல் கையோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் செக்ரட்டரியும் வந்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"இந்தப் பக்கம் யாருப்பா செஞ்சது?"

பாராட்டப்போகிறார் என்று நான் ஓரடி முன்னால் வைத்தேன். அப்பாவின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது.

"நான்தாங்கய்யா."

"பூராவுமா?"

"பூரா நான்தாங்க."

எனக்கு வயிறெரிந்தது. வெயிலில் வெந்து வேலை பார்த்தவள் நான், பெயர் வாங்குகிறவர் அவர். பெற்ற அப்பாவே இப்படிச் செய்வாரா? அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அறையில் அப்பா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட எனக்குத் தெரியவில்லை.

மேலூரில் அம்மாவின் அண்ணன் கல்குவாரியில் வேலை செய்தார். அங்கேதான் போனோம். பிறகு அந்தக் கல்தூசிதான் அப்பாவின் நெஞ்சை அரித்துத் தின்றது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பஸ்ஸில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அம்மா ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். "ஒம்போது வருசமா செஞ்ச வேலை. புல்லை நெம்பக் கூடாதுன்னு ஊருக்கே சொல்ற ஆளு, நீங்களே நெம்புவீங்களா? புத்தி எங்க போச்சு? பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?" அப்பா சீட்டு நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது நன்றாகவே இருந்தது. ஒத்தக்கடை தாண்டும்போது பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது அப்பா செய்யல. நான் செஞ்சது. அவரு செக்ரட்டரிகிட்ட பொய் சொன்னாரு."

அம்மா பேச்சை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"சின்னப்பிள்ளை எதையோ சொல்லுது, விடு," என்றார் அப்பா.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலூர் வரும் வரை அவரை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒருவழியாக வேலை என்னுடையதுதான் என்று வீட்டில் ஒருத்தராவது ஒப்புக்கொண்டார்களே என்று, வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.