படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக் கல்லூரிக்கு நானும் நசீமாவும் மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். எனக்குத் தலை சுற்றும் என்பதால் ஜன்னலோர இடத்தை எனக்கே விட்டுக்கொடுப்பாள். பல சாயங்காலங்களில் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் லேசாகும். கூடவே வெட்கமும் வரும்.

முஸ்லிம் கடைகளில் தின்பண்டம் வாங்காதீர்கள், எதையோ கலக்கிறார்கள் என்ற ஒரு செய்தியைச் சென்ற வருடம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். நசீமாவின் கணவர் கடைவீதியில் பேக்கரி வைத்திருப்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பத்து நாளில் யாரோ கல்லெறிந்து முன்பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள்.

கேள்விப்பட்டதும் ஓடினேன். நசீமா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தியை அனுப்பியது நான் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்து, "அந்த மெசேஜப் படிக்காம அனுப்புனியா, படிச்சிட்டு அனுப்புனியா?" என்று கேட்டாள்.

படிக்காமல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "படிச்சிட்டுத்தான்" என்றேன்.

"எங்க வீட்டுல எத்தன நாளு சாப்பிட்டிருப்ப. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல."

விளக்குமாற்றை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

அன்றே அந்தக் குழுவில், அது பொய், அதைப் பரப்பியது என் தவறு என்று எழுதினேன். நசீமா புகார் கொடுக்கப் போனபோது நானும் போய், நான் அனுப்பிய செய்தியைப் போலீஸிடம் காட்டினேன். என் கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது கடைக்குப் பழையபடி ஆட்கள் வருகிறார்கள். நான் போனால் நசீமா சிரித்து, "வாங்க, உக்காருங்க" என்கிறாள். கல்லூரி நாட்களில் என்னை "வாடி" என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். அதைக் கேட்டு வாங்கும் உரிமை எனக்கில்லை.