பாதி ஆட்டமும் புது அப்டேட்டும்

பொழுது போகாமல் நான் வீடியோ கேம் ஆடுவதாகச் சொல்கிறார்கள், தவறு. மறைந்த என் கணவர் பாதியில் விட்டுப்போன ஆட்டத்தை முடித்துவைக்கிறேன்.

பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரை நேற்று அப்டேட் செய்தேன். அதன்பின், அவர் சேமித்த இடத்தைத் திறந்தாலே கிராஷ் ஆகிறது.

சிவகாசிக் கம்ப்யூட்டர் கடைக்காரர் இன்று பார்த்துவிட்டு, "அந்த ஃபைலை அழிச்சிட்டு மொதல்லேர்ந்து ஆடுங்கம்மா" என்றார்.

"அப்ப அது என் ஆட்டமால்ல ஆயிரும். அவுக ஆட்டம் எங்க?" என்றேன். "பழைய காலண்டர் டிசைனைத் திறக்க எங்க பிரஸ்ல பழைய சாஃப்ட்வேரையும் விடாம வச்சிருக்கோம். இதுக்கும் பழைய வெர்ஷனைப் போடுங்க."

"எந்த வெர்ஷன்னு தெரியாம எங்கன போய்த் தேட?"

நியாயமான கேள்வி. என் கணவர் கடைசியாகச் சேமித்தது சென்ற சித்திரையில். எமுலேட்டரின் பெயர் இந்தப் பதிவோடு இணைத்துள்ள படத்தில் இருக்கிறது.

ஆறுதல் வேண்டாம். அப்போதிருந்த வெர்ஷன் எண் தெரிந்தவர்கள் எழுதி அனுப்பவும்.