ஈரம் ஏறாத இடம்

"ஃபெஸ்டஸ், உன் மாடு என் பிள்ள மேல நிக்குதுடா! ஓட்டித் தொல அத!"

டீலியா இப்படிக் கத்தியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஐம்பது வருடமாக அவளுக்கு அடுத்த வீடு நான். அவளுக்குப் பிள்ளை என்று ஒன்று பிறந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஸ்லைகோ டவுன் பக்கம் எங்கள் ஊர். ஃபெஸ்டஸின் சதுப்பு வயல் மூலையில் ஒரு பழங்காலத்துக் கல்லறை இருக்கிறது. நிறுத்தின கற்கள், மேலே சாய்ந்த பலகைக்கல். ஏசு பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால் செத்தவர்களுக்குக் கட்டியதாம். முள்ளும் காஞ்சொறியும் இடுப்புவரை. எப்போதாவது படம் பிடிக்க வருகிறவன் சாணியை மிதித்துவிட்டுத் திரும்பிப் போவான். முட்டிவலிக்காரி என்னை அங்கே எதற்கு இழுத்துக்கொண்டு போகிறாள் என்று வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

"என்னக்கா பேசுற?" என்றான் ஃபெஸ்டஸ். "வேற எங்க நிக்கும்? வயல் பூரா சேறு. ஈரம் ஏறாத எடம் அந்தக் கல்லுக்குக் கெழக்கால மட்டுந்தான். மாட்டுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல."

டீலியா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"கெழக்காலயா?"

"ஆமா. எவ்ளோ மழ அடிச்சாலும் அங்க நனையாது."

ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் என்னிடம் சொன்னாள். நான் அடுத்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே, கல்யாணமான மறு வருடம், பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அப்போதெல்லாம் கோயில் கல்லறையில் இடம் கிடையாது. தகப்பன்தான் தனியாகத் தூக்கிப் போய் இந்த மாதிரிப் பழைய கல்லடியில் புதைத்துவிட்டு வருவான். தாய் போகக்கூடாது. அவள் புருஷன் மாலகியும் அப்படித்தான் போய்விட்டு வந்தான், பூட்ஸைக் கழற்றினான், டீ கேட்டான்.

"'எங்கய்யா வெச்ச?'ன்னு எத்தன வருஷம் கேட்டேன்டி. வாயத் தொறக்கல. சாகுறப்ப ஒண்ணுதான் சொன்னான். 'அந்தக் கல்லாண்ட, ஈரமில்லாத எடமாப் பாத்துத்தான் வெச்சேன்'னு. அத வெச்சுக்கிட்டு நான் எங்கன்னு தேட?"

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"உன்கிட்டயா? ஊருக்கே மைக் வெச்சுச் சொல்லியிருப்ப."

எல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற ஃபெஸ்டஸ் தொப்பியைக் கழற்றினான். மாட்டைக் குச்சியால் அடிக்காமல் கையால் தட்டித் தட்டி ஓட்டினான். டீலியா கிழக்குப் பக்கம் மண்டி போட்டு, சூடு ஆறாத சாணியை வெறுங்கையால் வழித்து எறிந்தாள். அடியில் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள் பதிந்திருந்தன. ஒன்றல்ல, ஏழெட்டு. ஒவ்வொரு தகப்பனும் ஒரு கல் வைத்திருக்கிறான்.

"இதுல எதுடி என்னோடது?"

எல்லாக் கல்லும் ஒரே மாதிரித்தான் இருந்தன. ஃபெஸ்டஸ் மூலைச் சுவரைக் குச்சியால் காட்டினான்.

"மழ அடிச்சா மாடு திரும்ப வந்துரும்க்கா," என்றான். "கல்லு பக்கத்துல தோண்டக் கூடாதுன்னு சர்க்கார் சட்டம். வேலிக் கம்பம் நட முடியாது. இந்த மூலைய வளைச்சுப் பழைய சுவர் இருக்குல்ல, அதுல ஒரே ஒரு தெறப்பு. அதுல கேட் போட்டா மாடு வெளியவே நிக்கும்."

"அப்ப எல்லாத்தையும் சேத்தே அடைச்சுருவோம்," என்றாள் டீலியா. "யாரு பெத்ததா இருந்தா என்ன."

அந்த வாரமே போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். ஒரு கல்லைத் தொட்டால் எல்லாக் கல்லையும் தொட வேண்டும் அவளுக்கு. பனிக்காலத்துக்குள் அவளும் போய்ச் சேர்ந்தாள். கோயில் கல்லறையில் மாலகி பக்கத்தில் புதைத்தோம். பிள்ளை அங்கே, இவர்கள் இங்கே. எனக்கு இன்னும் அது பொறுக்கவில்லை.

கேட் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். துரு ஏறாத இரும்பு, பத்தடி. ஒரு டஜன் முட்டைக்கே கடைக்காரனை அழவைக்கிறவள், அன்றைக்குப் பேரம் பேசவில்லை. அவன் நூற்று முப்பது யூரோ என்றான். நூற்று முப்பதையும் எடுத்துக் கொடுத்தாள்.