புங்கம்பூவைப் பெருக்காத அம்சா

ல. அம்சா (1961–2024). கடப்பாக்கத்தில் மீனவர் குடும்பத்தில், லட்சுமணன் என்பவரின் மூத்த மகளாகப் பிறந்தார். செங்கல்பட்டில் எங்கள் குடியிருப்புக்கு உரிய சிறு பூங்காவில், 2006 முதல் 2023 வரை பதினேழு ஆண்டுகள் தோட்டக்காரராகப் பணியாற்றினார். அவர் அப்பணியை இழந்ததற்குக் காரணம் நான். இக்குறிப்பை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது ஐயமே. ஆயினும், நடந்ததை முழுமையாக அறிந்தவர் இப்போது என்னைத் தவிர வேறெவரும் இல்லை.

அம்சாவின் கணவர் சடையப்பன் லாரி ஓட்டுநர். 1997இல் விபத்தொன்றில் இறந்தார். அப்போது மகள் கவியாவுக்கு ஒன்பது வயது. கோவளத்துக்கு அருகே கடற்கரைச் சாலையிலிருந்த தங்கும் விடுதி ஒன்றில் அம்சா தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். விருந்தினர் விழித்தெழுமுன் புல்தரையில் ஓர் இலைகூடக் கிடக்கலாகாது என்பது அங்கே விதி. கிடந்தால் மேற்பார்வையாளர் விசில் ஊதுவாராம். ஒன்பது ஆண்டுகள் அந்த விசிலுக்குப் பயந்து பெருக்கியதாக அவரே பின்னர் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். கவியா செங்கல்பட்டில் செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது, தாயும் உடன்வந்து எங்கள் பூங்காவில் வேலை கேட்டார்.

பூங்கா அரை ஏக்கர் பரப்புடையது. நடைபாதையின் இருமருங்கிலும் பதினொரு புங்கமரங்கள். வடமூலையில் ஒரு சரக்கொன்றை. வாயிலருகே இரண்டு வேம்பு. மாசி முடிவில் புங்கமரங்கள் இலை அனைத்தையும் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையாக நிற்கும். பத்தே நாளில், எண்ணெய் தடவினாற்போலப் பளபளக்கும் தளிர் விடும். பங்குனி நடுவில் பூக்கும். பூத்த மறுநாளே கொட்டவும் தொடங்கும். அதிகாலையில் சென்றால் நடைபாதை கண்ணுக்குத் தெரியாது. பொரியை இறைத்தாற்போல, வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூவே கிடக்கும். தலைக்கு மேலே தேனீக்களின் ஓசை. காற்று திரும்பினால் வேப்பம்பூவின் மணம். என் வாழ்நாளில் நான் மகிழ்ச்சியாக இருந்த காலைப்பொழுதுகள் எவையென்று கேட்டால், அந்தப் பங்குனி நாள்களையே சொல்வேன்.

அம்சா ஐந்தரை மணிக்கே வந்துவிடுவார். ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, நடப்பவர்களை விசாரிப்பார்.

"இன்னா சார், நேத்து ரெண்டு ரவுண்டு கம்மி? மாமி கையால வடை சாப்ட்டியா?"

"உனக்கு யார் சொன்னது?"

"நீ நடக்கற நடையே சொல்லுது சார்."

2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் என் மனைவி பெருந்தேவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. நாள்தோறும் நடக்குமாறு மருத்துவர் கூறினார். கல் பதித்த பாதையில் நடந்தால் வலிக்கிறதென்று அவள் நான்கடியில் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அம்சா வருவதற்குத் தாமதமாயிற்று. பெருக்கப்படாத பூவின் மேல் பெருந்தேவி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். ஒரு சுற்று முழுமையாக நடந்தாள். அன்றே நான் அம்சாவிடம், பூக்கொட்டும் காலம் முழுவதும் எட்டு மணிக்கு முன்பு பெருக்க வேண்டாம் என்று சொன்னேன்.

"பாவம் ஏன்னா, அவ வேலையைக் கெடுக்காதீங்கோ. வெயில் ஏறினப்புறம் பெருக்கணும்னா அவளுக்குத்தானே கஷ்டம்?" என்றாள் பெருந்தேவி.

"அத்த வுடு மாமி. நீ நட. நான் அப்பால பெருக்கிக்கறேன்" என்றார் அம்சா.

சொன்னவன் நான். தடுத்தவள் பெருந்தேவி. இதை இங்கே தெளிவாகப் பதிந்துவிடுகிறேன். ஏனெனில் பின்னர் நான் இதையும் மாற்றிச் சொல்ல முற்பட்டேன்.

பெருந்தேவி 2020 அக்டோபரில் காலமானாள். அடுத்த பங்குனியிலும் எட்டு மணிவரை பூ கிடந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அம்சாவும் எதுவும் கேட்கவில்லை. நான் அதன்மேல் நடந்தேன். அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே.

2022 இறுதியில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? பூங்காவுக்கென ஓர் அன்றாட ஆய்வுப் பதிவேட்டை வரைந்தேன். தண்ணீர் பாய்ச்சப்பட்டதா, விளக்கு எரிகிறதா, வாயில் பூட்டப்பட்டதா, காலை ஆறு மணிக்குத் தரை பெருக்கப்பட்டதா என்று கட்டங்கள் அமைத்தேன். ஒவ்வொன்றிலும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே எழுத இடம் விட்டேன். குறிப்புக்கென்று தனிக் கட்டம் இல்லை. ஏன் வைக்கவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2023 மார்ச் கடைசி வாரத்தில் பூக்கொட்டத் தொடங்கியது. ஆறு மணிக்குத் தரை பெருக்கப்படவில்லை. நான் 'இல்லை' என்று எழுதினேன். மறுநாளும் எழுதினேன். பூவின்மேல் நடந்து, வீட்டுக்கு வந்து, கால் கழுவி, மேசைமுன் அமர்ந்து, உள்ளதை உள்ளவாறு எழுதுவதாக எண்ணிக்கொண்டு எழுதினேன். பத்தொன்பது நாள்கள் எழுதினேன்.

ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டம். தலைவர் தேவேந்திரன் பதிவேட்டைப் புரட்டினார். அவர் கட்டட ஒப்பந்ததாரர், எதையும் ஒத்திப்போடாதவர். அம்சாவை அழைத்து நிற்கவைத்தார்.

"இன்னாம்மா இது? பத்தொம்பது நாளு பெருக்கவே இல்லன்னு கீது. ஷூவுல ஒட்டிகினு வூட்டுக்குள்ள வருதுன்னு வாட்ஸ்அப்ல கிழிகிழின்னு கிழிக்கறாங்க."

"எட்டு மணிக்கு மேல பெருக்கிட்டுதான் சார் இருந்தேன். பூ தான? குப்பையா இன்னா?"

"பூவா இருந்தா சாமிக்குப் போடு. தரையில கெடந்தா குப்பைதான். சரி, ஒண்ணு கேக்கறேன். ஆறு மணிக்குப் பெருக்க வேணாம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அம்சா என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டில் பக்கத்தைத் திருப்பினேன்.

"யாரும் சொல்லல சார். எனுக்கா தோணிச்சு, வுட்டேன்" என்றார் அவர்.

அப்போது நான் பேசியிருக்கலாம். குறைகளைப் பட்டியலிட்டவனே அக்குறைக்கு உத்தரவிட்டவன் என்று அத்தனை பேர் முன்னிலையில் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் தனியே சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். கூட்டம் முடிவதற்குள்ளேயே, தனியார் பராமரிப்பு நிறுவனம் ஒன்றுக்கு மே 1 முதல் ஓராண்டு ஒப்பந்தம் அளிப்பதென்று தீர்மானமாயிற்று. அத்தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியதும் நானே.

ஏப்ரல் 30 அன்று அம்சா குழாயைச் சுருட்டிவைத்துவிட்டுக் கடப்பாக்கத்திலுள்ள தம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். கேளம்பாக்கத்தில் பணிபுரியும் கவியா தன்னுடன் வந்துவிடுமாறு அழைத்தும் அவர் இணங்கவில்லை. அடுக்குமாடியில் எட்டாம் மாடியில் மண்ணே இல்லை என்றாராம்.

அதன்பின் பூங்காவுக்குள் செல்ல என்னால் இயலவில்லை. புதியவர்கள் இலை ஊதும் இயந்திரத்தோடு வந்தார்கள். ஆறு மணிக்கு அதன் இரைச்சல் என் வீடுவரை கேட்கும். பதிவேட்டில் 'ஆம்' என்று எழுதுவேன். இரண்டு மாதங்கள் அவ்வாறு எழுதியபின், சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கொடுக்குமுன் அம்சாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஜூலையில் ஒருநாள் கடப்பாக்கத்துக்குப் பேருந்தில் சென்றேன்.

அவர் மணலில் வலையை விரித்து, அதன்மேல் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வா சார். இன்னா இவ்ளோ தூரம்? இங்க நடக்கறதுக்கு மணலுதான் கீது" என்றார்.

"அம்சா, அன்னிக்கு மீட்டிங்ல நான் பேசியிருக்கணும்."

"ஆமா."

அவ்வளவே சொல்லிவிட்டு இரண்டு கருவாடுகளைத் திருப்பிப் போட்டார். நான் கடிதத்தை எடுத்துப் படித்தேன். இரண்டு பக்கம். முழுவதையும் கேட்டார்.

"நாந்தான் சொன்னேன்னு அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப ரெண்டு பக்கம் எழுதிகினு வந்துகீற. சரி, நடுவுல மாமி பேரு வந்துச்சே, அது இன்னா?"

'என் மறைந்த மனைவியின் விருப்பத்திற்கிணங்க' என்ற வரியை மீண்டும் படித்தேன்.

"மாமி எங்க சார் சொன்னாங்க? எனுக்குக் கஷ்டமா இருக்கும்னு உன்ன வேணாம்னுதான சொன்னாங்க? நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்? அவங்க செத்து மூணு வருசம் ஆவப்போவுது, இப்ப போயி அவங்க தலையில போடறியே. நீ சொன்னேன்னு எழுது சார். மாமிய வுட்டுடு."

நான் தலைகுனிந்து நின்றேன். அதுவரை அந்த வரி பொய் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. கூட்டத்தில் அம்சாவின் பின்னால் ஒளிந்தவன், கடிதத்தில் பெருந்தேவியின் பின்னால் ஒளிந்திருக்கிறேன்.

"இப்ப அழுவாத. கருவாட்டுல தண்ணி படக்கூடாது" என்று சொல்லி, உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் புறப்படும்வரை என் கடிதத்தைப் பற்றி வேறொன்றும் பேசவில்லை.

கடிதத்தை மாற்றி எழுதினேன். ஆறே வரிகள். ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று நானே படித்தேன். தேவேந்திரன் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார் நீங்க? நோட்டும் நீங்க, குத்தமும் நீங்க. அந்த அம்மாவ நிக்கவச்சிக் கேட்டேனே, அப்ப இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை இடையில் முறிக்க இயலாது. அது முடிந்ததும், 2024 மே 1 முதல் அம்சாவை மீண்டும் பணியில் அமர்த்துவது என்று தீர்மானித்தார்கள். செயலாளர் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொண்டேன். செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அம்சா சிரித்தார்.

"மே மாசமா? பூவெல்லாம் கொட்டித் தீந்து, வெயிலுதான் சார் மிச்சம் இருக்கும். பரவால்ல, வரேன்."

மறு ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில், பணியேற்புப் படிவத்தில் கையெழுத்திட அவரைச் சங்க அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். முதல் பேருந்தில் வந்து, அலுவலகம் திறக்கும்வரை பூங்காவில் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தகவல் அனுப்பினார். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு நான் அன்றுதான் உள்ளே சென்றேன். இயந்திரம் தன் வேலையை முடித்திருந்தது; பாதை துப்புரவாக இருந்தது. ஆனாலும் மரங்கள் நிறுத்தவில்லை; நாங்கள் பார்க்கப் பார்க்கப் பூ விழுந்துகொண்டிருந்தது.

அம்சா இளைத்திருந்தார். படியேறினால் மூச்சு வாங்குவதாகச் சொன்னார்.

"தெனம் நடக்கறியா சார்?"

"இல்லை. நீ போனதிலேர்ந்து நான் இங்கே வரலை."

"அடச்சீ, இன்னாத்துக்கு? தப்பு பண்ணது நீ. பூ இன்னா பண்ணிச்சு? எழுந்திரு."

இருவரும் ஒரு சுற்று நடந்தோம். வழியில் என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால், இரக்கப்பட்டுச் சொல்லிவிடுவார் என்று அஞ்சினேன். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறக்கவிருப்பதைப் பற்றியும், சரக்கொன்றையின் ஒரு கிளையில் பூச்சி அரித்திருப்பதைப் பற்றியும் பேசினார்.

ஏப்ரல் 11 அன்று காலை கடப்பாக்கத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. பணியில் சேர இருபது நாள்கள் இருந்தன. ஓர் ஆண்டுப் பணியையும், பூக்கொட்டும் ஒரு பங்குனியையும் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். திருப்பித் தந்தது ஒரு படிவம் மட்டுமே. அது இன்னும் சங்கக் கோப்பில் இருக்கிறது. 'பணியில் சேரச் சம்மதம்' என்ற வரியின் கீழ், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, 'ல. அம்சா' என்று அவர் கையெழுத்திட்டது 2024 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை.