பாயின் சிவப்பு வண்டிக்கு விலை கேட்பவர்களுக்கு

பஷீர் பாய் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலை, பூந்தமல்லி வீட்டில், டீ கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்... டீ வருவதற்குள் நெஞ்சுவலி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நானும் அவரும் ஒரே கம்பெனி, ஒரே குவாலிட்டி செக்‌ஷன். எனக்கு சீனியர். ஒருநாளும் சீனியர் மாதிரி நடந்துகொண்டதில்லை.

நம் கார் குரூப்பில் செய்தியை நான்தான் போட்டேன். அவரும் அவருடைய சிவப்பு ஹேட்ச்பேக்கும் சேர்ந்து நிற்கிற படம். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்காக வீட்டு முகவரியும்.

முதல் கமெண்ட், "ஆழ்ந்த இரங்கல்." அடுத்தது, "ஆர்ஐபி ப்ரோ. வண்டி சேலுக்கு வருமா?"

அதற்குக் கீழே இன்னொருத்தர், "ஸ்டாக்கா, ரீமேப் பண்ணதா?" இஞ்சின் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறதா, வேகத்துக்காக மாற்றியதா என்று. அதற்கு லைக் வேறு!

யோவ், மனுஷனைக் குளிப்பாட்டிக்கூட முடிக்கவில்லைய்யா... சாவு வீட்டில் உட்கார்ந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சரி. வண்டியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

நூம்பல் பக்கம் ஒரு புரோக்கர் ஷெட்டில் நின்றிருந்தது. பார்க்கச் சின்ன கார், உள்ளே டர்போ இஞ்சின். கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது, அதனால்தான் இத்தனை பேருக்கு நாக்கில் எச்சில்.

பாய் என்னையும் அவர் மனைவி மும்தாஜ் அக்காவையும் கூட்டிப்போயிருந்தார். புரோக்கர் பானெட்டைத் தட்டி, "லேடி டிரிவன் பாய். ஆபீஸு, ஊடு, அவ்ளோதான்" என்றார்.

பாய் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். கிளட்ச் கருகிய வாடை. முன் டயர் இரண்டும் மொட்டை.

"இன்னா நைனா, அந்த லேடிக்கு ஆபீஸு சோழவரம் ரேஸ் டிராக்லயா?"

எல்லோரும் சிரித்தோம், புரோக்கர் உட்பட. அப்புறம் பாய் அதையே வாங்கினார்!

சொந்தக்காரர்கள் விடுவார்களா? அவர் தம்பி அன்வர் பின்சீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, "இந்தத் துட்டுக்கு ஏழு பேர் போற வண்டியா வாங்கிக்கலாம்ல?" என்றார்.

"ஏழு பேர ஏத்திக்கினு போனா எனக்கு இன்னாடா ஜாலி?"

இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆயுசு முழுக்க வீட்டுக்காக உழைத்த மனுஷன், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது. அதற்கும் ஆளாளுக்கு விளக்கம் கேட்டார்கள்.

ஞாயிறு காலையில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ரோடு காலியாக இருக்கும். அங்கேதான் மும்தாஜ் அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பின்சீட்டில் நான், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு...

அக்கா பத்தடிக்கு ஒருமுறை வண்டியை ஆஃப் செய்வார். ஒருநாள் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துவிட்டார். டர்போ பிடித்து இழுத்தது.

"யா அல்லாஹ்!" என்று அலறி, பிரேக் போட்டு நின்று, மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாக, "இன்னொரு தபா போலாமா?"

பாய் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... என் பக்கம் திரும்பி, "புரோக்கர் பொய் சொல்லலம்மா. கொஞ்சம் முன்னாடியே சொல்ட்டான். இப்பதான் இது லேடி டிரிவன்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். வாசலெல்லாம் செருப்பு. வண்டிப் பக்கத்தில் ஒருவர் மண்டியிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பாவம், செருப்பைக் காணோம் போலிருக்கிறது என்று நானும் குனிந்து தேடினேன். "என்ன கலர் சார்?"

"செருப்பு இல்ல மேடம். அடியில துரு கீதான்னு பாக்குறேன். குரூப்ல போட்டுகீறாங்களே... நெமிலிச்சேரிலேர்ந்து வரேன்."

கையில் டார்ச்! என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

உள்ளே போனால் அதைவிட மோசம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அன்வர் கேட்கிறார், "அண்ணி, ஒரு பார்ட்டி வந்துகீறாரு. இத்தால நீங்க வெளிய போமாட்டீங்க, வண்டி சும்மாதான் நிக்கும். குட்த்துடலாமா?"

இத்தா என்றால், கணவர் இறந்தபின் மனைவி வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் மாதங்கள். அது தொடங்கிய அன்றைக்கே இந்தக் கேள்வி.

அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "மண்ணு கூட இன்னும் காயல, அதுக்குள்ள பார்ட்டியா? இத்தா முட்ஞ்சதும் நான் ஓட்டுவேன். எவனும் என் வண்டி மேல கை வெக்கக் கூடாது."

என் வண்டி என்றார்!

அக்கா தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "சும்மா நின்னா பேட்டரி பூடும். ஞாயித்துக்கெழம வந்து ஸ்டார்ட் பண்ணி வெய்யிம்மா. ஜன்னல் ஓரமா நிறுத்து. சத்தம் எனக்குக் கேக்கணும்."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதார்.

இன்று ஞாயிறு. போய் ஜன்னல் ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருகினேன். ஒரே செல்ஃபில் எடுத்தது.

ஜன்னல் திரைக்கு நடுவே ஒரு கை மட்டும் தெரிந்தது. கீழே அழுத்துவதுபோல் சைகை காட்டியது... ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் குடு என்று.

கொடுத்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

குரூப்பில் விசாரித்த அன்பர்களுக்கு: ஸ்டாக்தான். அடியில் துரு இல்லை. லேடி டிரிவன். விற்பனைக்கு இல்லை.

போய் வாங்க பாய்... சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்.