எட்டு மாதம் எங்கே இருந்தீர்கள்?

கணவரோ மனைவியோ வேறொரு ஐரோப்பிய நாட்டின் குடியுரிமை பெற்றவராக இருக்க, ஜெர்மனியில் நிரந்தர வதிவிட உரிமை கேட்டுப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணவரிடம் இருப்பது நெதர்லாந்துக் கடவுச்சீட்டு. அகதியாக அங்கே போய்க் குடியுரிமை எடுத்து, பிறகு வேலைக்காக இங்கே வந்தவர். நான் 2004இல் வந்து சேர்ந்தேன். ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தால் எனக்கென்று சொந்த உரிமை கிடைக்கும். அதுவரை அவரைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த நாட்டில் நின்றேன். போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து இந்த எண்ணம் என்னைத் தூங்க விடவில்லை.

2009 ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். அலுவலகம் இருக்கும் நகரம் எங்கள் ஊரிலிருந்து அறுபது கிலோமீற்றர். காலை 6.12க்கு பஸ், டோர்ட்மண்டில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். இருவருக்கும் போகவர முப்பத்திரண்டு யூரோ. நான்கு வயது மகளுக்கு இலவசம். டோர்ட்மண்டில் ரயில் இருபது நிமிடம் பிந்தியது. நின்று நின்று கால் கடுத்தது, மழை வேறு.

ரயில் ஏறியதும் கணவர் பாடம் எடுக்கத் தொடங்கினார். மகளைப் பெறுவதற்காக 2005இல் திருச்சியில் இருந்த அம்மாவிடம் போய் எட்டு மாதம் தங்கிவிட்டேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று இரண்டு பக்கத்தாரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் ஐந்து வருடக் கணக்கு அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான் என்று யாரோ இவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“கேட்டா நாலு மாசம் எண்டு சொல்லும். பிள்ளைப்பெறுவைப் பற்றி மூச்சும் விடாதையும்.”

“பாஸ்போட்டில முத்திரை இருக்கே?”

“பழைய பாஸ்போட் துலைஞ்சு போச்செண்டு சொல்லுவம்.”

அகதி விசாரணைக்குக் கதையை மனப்பாடம் செய்துகொண்டு போன ஆட்களில் இவரும் ஒருவர். எந்த மேசைக்கு முன்னால் இருந்தாலும் ஒரு கதை தயாராக இல்லாவிட்டால் இவருக்குச் சரிவராது. எனக்கோ களைப்பு. பொய்யை ஞாபகம் வைத்திருக்கவும் தெம்பு வேண்டும்.

டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், எடுத்திருந்தும் ஒன்றரை மணிநேரம் காக்க வைத்தார்கள். அதிகாரியான பெண்மணி கடவுச்சீட்டுகளைப் புரட்டி மகளுடையதில் நின்றார்.

“பிறந்த இடம் திருச்சிராப்பள்ளி. அப்போது எவ்வளவு காலம் வெளியே இருந்தீர்கள்?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

கணவரின் முழங்கால் என்னை இடித்தது. அவருடைய கதைக்கு எதிரான சாட்சி என் மடியில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

“எட்டு மாதம். இவளைப் பெறப் போனேன்,” என்றேன்.

அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரசவம் என்றால் ஒரு தடவை பன்னிரண்டு மாதம் வரை வெளியே இருக்கலாம், கணக்கு அறாது என்றார். பிறப்புச் சான்றிதழ் கேட்டார். கணவர் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியும் பைக்குள் வைத்திருந்தேன், கொடுத்தேன். எல்லாம் சரி, அட்டை தயாரானதும் கடிதம் வரும் என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

போகிறவர்கள் ஐந்து வருடத்துக்குமான முகவரிப் பதிவு, கணவரின் சம்பளச் சீட்டுகள், மொழிபெயர்த்த கலியாணப் பதிவு எல்லாம் எடுத்துப் போங்கள். பழைய கடவுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். பிரசவம், கடும் நோய், படிப்பு என்று வெளியே நின்றிருந்தால் ஆதாரத்தோடு அப்படியே சொல்லுங்கள். சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள், அங்கே கோப்பி மெஷினைத் தவிர ஒன்றுமில்லை.

திரும்பும் ரயிலில் மகள் தூங்கிவிட்டாள். கணவருக்குச் சொல் கேட்காத கோபம் இருக்கும் என்று நினைத்தேன். டோர்ட்மண்ட் நெருங்கும்போது யன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“இனி எனக்கு ஏதும் நடந்தாலும் உம்மை இஞ்சயிருந்து ஒருத்தராலயும் எழுப்பேலாது.”

அந்தப் பயத்தை நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.