பதினோராவது அழைப்பு

நம்புகிறவர்கள் நம்புங்கள். இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. வேலை ஏற்கெனவே போய்விட்டது.

உறைந்த மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் நெட்வொர்க் என் பொறுப்பு. ஆபீசுக்கும் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த குளிர்கிடங்குக்கும் சேர்த்து ஒரே இன்டர்நெட் லைன். அதில் எது முதலில் போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று ரௌட்டரில் வரிசை போடுவது நான்தான். கிடங்குச் சுவரில் இருந்த அவசர போனும் அதே லைனில்தான்; அதற்கு முதல் இடம் கொடுத்திருந்தேன். அதனால் வீடியோ மீட்டிங் அவ்வப்போது திக்கும். மேனேஜருக்கு அது பிடிக்காது.

கிடங்கில் தனியாக வேலை பார்த்தவன் என் நண்பன். நாங்கள் வைத்த பட்டப்பெயர் ஐஸ்கட்டி. அந்த போனில் கூப்பிட்டால் எனக்கு வந்து சேருமா என்று ஒருமுறை கேட்டான்.

"உனக்குத்தான்டா மொதல் எடம்" என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதலாளிகளோடு பெரிய மீட்டிங். வீடியோவை முதலில் வைத்து, போனைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னார் மேனேஜர். லைன் நிறைந்தால் அழைப்பு அறுந்துபோகும் என்று எச்சரித்தேன்.

"ஒரு மணி நேரம்தானே. கிடங்குல நான் சொல்லிடறேன். நீங்க மாத்துங்க."

நம்பி மாற்றினேன். மதியம் 2:30.

மீட்டிங்கில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். படம் துளிகூடத் திக்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

3:26. என் லேப்டாப்பில், மீட்டிங் முகங்களுக்கு நடுவே, புதிதாக ஒரு கட்டம் திறந்தது. பெயர் இல்லை. உள்ளே வெள்ளைப் புகை.

டக்... டக்... டக்...

பெரிய திரையில் அந்தக் கட்டமே இல்லை. யாரும் திரும்பவில்லை. என் ஹெட்போனில் மட்டும்தான் கேட்டது.

புகைக்குள் ஒரு முகம். ஐஸ்கட்டி. இமையில் பனி. கண் சிமிட்டவே இல்லை...

"மொதல் எடம்னு சொன்னியே மாப்ளே..."

கட்டம் மூடியது.

ஓடினேன்.

கிடங்குக் கதவு இறுகியிருந்தது. உடைத்தோம். உள்ளே குளிரூட்டும் வாயு கசிந்திருந்தது. ரிசீவர் அவன் கையிலேயே இருந்தது. மூன்று மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

விசாரணையில் மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அவரா மாத்தியிருக்காரு. எனக்குத் தெரியாது."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் என்னவென்று அன்று தெரிந்தது. ஆனால் ஐஸ்கட்டிக்கு அதையேதான் நானும் செய்திருந்தேன்.

வேலை போய்க் கிளம்பும் முன் ரௌட்டரின் பதிவைப் பார்த்தேன். சுவர் போனிலிருந்து எனக்குப் பதினோரு அழைப்புகள். 2:51 முதல் 2:58 வரை பத்து. எல்லாமே கடைசி வரிசையில் காத்திருந்து அறுந்தவை.

பதினோராவது... 3:26.

அது மட்டும் வந்து சேர்ந்திருந்தது. வீடியோ வரிசையில், எல்லாவற்றுக்கும் முன்னால்.

அந்த போனில் கேமராவே கிடையாது.